கோவாவும் எங்கள் கிணறும்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் என் கோபம் ஆறவில்லை.

போர்த்துக்கீசியர் பிடியிலிருந்த கோவாவுக்குள் நம் ராணுவம் நுழைந்த மார்கழி அது. நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு வாசகசாலையில் சர்வதேசச் சட்டம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். தலைமை அந்த மனிதர். எங்கள் இரண்டு கொல்லைகளுக்கும் நடுவில் ஒரு சுவர், சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் கிணறு. அது தன் தாத்தாவின் நிலம் என்று பல வருஷமாக முனகிக்கொண்டிருந்தார். கோர்ட்டுக்கு மட்டும் போகமாட்டார். தோற்றுப்போவோம் என்று அவருக்கே தெரியும்.

ஒரு நாடு இன்னொன்றின் மேல் படையெடுக்கக் கூடாது என்கிறது ஐ.நா. சாசனம், இது ஆக்கிரமிப்பு இல்லையா என்று மேல்நாட்டுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. "நம்மிடமிருந்து பிடுங்கியதை நாம் திரும்ப எடுத்துக்கொள்வது ஆக்கிரமிப்பு ஆகாது. எத்தனை வருஷம் பேசிக்கொண்டே இருப்பது?" என்று முழங்கினேன். ஒரே கைத்தட்டல். தலைவர்தான் கடைசிவரை தட்டினார். நாட்டைப் பிடித்தாலும் கொல்லையை வளைத்தாலும் தமிழில் 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது கொல்லைப்பக்கம் கடப்பாரைச் சத்தம்; அவர் வீட்டில் ஏதோ மராமத்து என்று நினைத்துப் போய்விட்டேன். நான் கல்லூரியிலிருந்து திரும்புவதற்குள் சுவர் போயிருந்தது. கிணற்றுக்கு இந்தப் பக்கம் முள்வேலி.

"என்ன அக்கிரமம் ஓய் இது?" என்று கத்தினேன்.

"அக்கிரமமா? நேத்து நீர்தானே ஓய் சொன்னீர், நம்மளத நாம எடுத்துண்டா ஆக்கிரமிப்பு ஆகாதுன்னு! சபையே கை தட்டித்தே!"

அது தேசம், இது கொல்லை என்றேன். அந்நிய ஆட்சி, அடிமைப்பட்ட ஜனங்கள் என்றெல்லாம் விளக்கினேன். வகுப்பில் எடுபடும். அவன் பல்லிளித்தான். அவனுக்கு இனி மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது? வக்கீலோ, ஜெயித்துவிடலாம், ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார்.

என் மனைவி காலிக் குடத்தோடு நின்றாள்.

"ஏன்னா, நீங்க சொன்னதுக்கும் அவர் சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்போ அதைச் சொல்லி ஒரு குடம் ஜலம் கொண்டு வாங்கோ."

நான் அசையவில்லை. அவளே வேலியோரம் போய், "மாமா, ஒரு குடம் ஜலம் சேந்திக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"பேஷா சேந்திக்கோம்மா" என்றான். "நம்ம கிணறுதானே!"