ஆர்டித்தின் டேங்கும் என் மூக்கும்

எங்கள் முகாமில் பத்து வயது தாண்டிய வண்டிக்கு இடம் கிடையாது. மனிதர்களுக்கு அப்படி விதி இல்லாதது நல்லதாகப் போயிற்று, இருந்தால் இந்த அரிசோனாப் பாலைவனத்தில் இருநூறு இடமும் காலியாகத்தான் கிடக்கும். வண்டி என்று நான் சொல்வது நாங்கள் குடியிருக்கும் கேம்பரை. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே. ஏற்கெனவே உள்ளே இருக்கும் வண்டிக்குப் பத்து வயதாகிவிட்டால், ஒவ்வொரு ஜனவரியிலும் மேலாளர் நோரீன் வந்து சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெயின்ட் உரிந்திருக்கக் கூடாது, ஜன்னலில் அட்டை ஒட்டியிருக்கக் கூடாது, முக்கியமாக அக்கம்பக்கத்துப் புகார் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும்.

ஆர்டித்தின் வண்டிக்குப் பதினேழு வயது. என்னுடையதற்கு ஒன்பது. அந்தத் திமிர் எனக்கு இருந்ததென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆர்டித் வடக்கு டகோட்டாக்காரர், எழுபத்திரண்டு வயது. பனி கொட்டும் ஊரில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இரண்டு கல்யாணம். கேட்டால், ஒரு புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், இன்னொருவர் இன்னும் இருந்து தொலைக்கிறார் என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, பழைய வண்டி ஒன்றை வாங்கித் தானே ஓட்டிக்கொண்டு இங்கே வந்தார். மற்றவர்கள் கோடை வந்தால் வடக்கே கிளம்பிவிடுவார்கள். அவர் மட்டும் நூற்றுப் பதினைந்து டிகிரியிலும் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இங்கேயே இருப்பார். ஏழு வருடமாக அந்த வண்டி ஓர் அடி நகரவில்லை. டயரெல்லாம் வெயிலில் வெடித்துப் போயிருந்தன. காலி செய் என்றால் நெடுஞ்சாலை வரைகூட உருளுமா என்பது சந்தேகம். உருண்டாலும் போக இடமில்லை. தங்கை வீட்டின் நிலவறையில் ஓர் அறை உண்டு, அதற்கு ஜெயிலே மேல் என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது. எட்டடி தள்ளி ஏழு குளிர்காலம் இருந்தவனுக்கு இது போதாதுதான்.

ஜனவரி இரண்டாம் வாரம் நாற்றம் தொடங்கியது. காலையில் காப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தால் மூக்கைத் துளைக்கும். கக்கூஸ் டேங்க் நாற்றம் என்பதில் சந்தேகமே இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஆர்டித்தின் பதினேழு வயது வண்டி நிற்கிறது. வேறென்ன யோசிக்க வேண்டும்? ஒரு சீட்டில் 'நாற்பத்திரண்டாம் இடத்திலிருந்து தாங்க முடியாத நாற்றம், கவனிக்கவும்' என்று எழுதி, பெயர் போடாமல், திங்கட்கிழமை அலுவலகப் பெட்டியில் போட்டேன். புத்திசாலித்தனமாக இடது கையால் எழுதினேன்.

செவ்வாய் காலை நோரீனின் கடிதம் ஆர்டித்தின் கதவில் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சோதனை, அதற்குள் நாற்றம் போயிருக்க வேண்டும். ஆர்டித் அதைப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், நேராக என்னிடம் வந்தார்.

"வென்டெல், உனக்கு இன்னைக்கு வேலை ஏதாவது இருக்கா?"

"இல்லையே."

"அப்ப வந்து குழாய்கிட்ட நில்லு. நான் திறன்னா திற, மூடுன்னா மூடு. வாயை மட்டும் திறக்காதே."

போனேன், போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே.

இந்த வண்டிகளின் கழிவு டேங்கை அலசுவதற்கென்று வெளிச்சுவரில் ஒரு குழாய் வாய் இருக்கும். அதில் ஹோஸை மாட்டித் தண்ணீர் விட்டால், டேங்குக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரேயர் நாலு பக்கமும் பீய்ச்சிச் சுவரில் ஒட்டியதையெல்லாம் கழுவித் தள்ளும். 'உஸ்' என்று சத்தம் கேட்கும். ஆர்டித் வெளியேற்றும் வால்வை இழுத்துத் திறந்துவிட்டு, திற என்றார். திறந்தேன். சத்தமில்லை. அடியில் மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. வண்டிக்குள்ளிருந்து மட்டும் தண்ணீர் ஒழுகும் சத்தம். அழுக்குத் தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கிற வால்வு ஒன்று குளியலறைச் சுவருக்குள் உண்டு. முன்னே போக வழியில்லாத தண்ணீர் அதன் வழியே கசிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. மூடு என்றார்.

ஸ்பிரேயர் அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது அதற்குள் முகாமுக்கே தெரிந்துவிட்டது. இங்கே எவனாவது ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்தால் போதும், மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு வைத்தியம். டேங்கில் ரெண்டு மூட்டை ஐஸ் கட்டியைப் போட்டு வண்டியை மேடுபள்ளத்தில் ஓட்டினால் எல்லாம் உதிர்ந்துவிடும் என்றார் கிளேட்டன். அவர் பல் வைத்தியராக இருந்தவர், எந்த அடைப்புக்கும் தன்னிடம் பதில் உண்டென்று நினைப்பவர். வண்டி ஏழு வருடமாக நகரவில்லையே என்று யாரோ சொன்னார்கள். அப்படியானால் வண்டியைப் பிடித்து ஆட்டலாம் என்றார் கிளேட்டன்.

ஆர்டித் காலால் சரளையில் ஒரு கோடு கிழித்தார். இந்தக் கோட்டைத் தாண்டுகிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுப்பேன் என்றார். நாற்காலிகள் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றன.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கெட்டிலில்கூட மாதத்துக்கொரு தரம் ஏடு பிடிக்கும். அதனால் வினிகர் ஊற்றி ஊறவைப்போம் என்று ஆர்டித் முடிவு செய்தார். குளியலறை வால்வைக் கழற்றி, புனல் வைத்து, ஒரு கேலன் வினிகரைக் குழாய்க்குள் இறக்கினார். மறுநாள் மதியம் திறந்து பார்த்தபோது 'உஸ்' வரவில்லை, சிணுங்கல்தான் வந்தது. இன்னொரு கேலன் ஊற்றினார். அதற்கும் அதே சிணுங்கல்.

புதன்கிழமை மாலை முகாமின் பொதுக்கூடத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் நாள். ஆர்டித் எப்போதும் கொண்டுவருவது கொத்திய இறைச்சிமேல் உருளைக்கிழங்குத் துண்டுகளை அடுக்கிச் சுட்டது. அது முதலில் காலியாகிவிடும், கிளேட்டன் பாத்திரத்தைச் சுரண்டிச் சாப்பிடுவார். அன்று யாரும் தொடவில்லை. அவர் இரண்டு நாளாக எந்த டேங்கில் கை வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியுமே. நான் கரண்டியை எடுத்தேன். கிளேட்டன் என்னைப் பார்த்தார். கரண்டியை வைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆர்டித் கடைசிவரை உட்கார்ந்திருந்தார், பிறகு நிறைந்த பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

வியாழன் காலை நான் போனபோது வண்டிக்கு அடியில் இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தன. டேங்கைப் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிப் பலமுறை காலி செய்துவிட்டு, வண்டியின் அடித்தகட்டை மூன்று பக்கம் அறுத்துக் கீழே மடக்கியிருந்தார். டேங்கின் பக்கச் சுவரில் நான்கு திருகாணியில் அந்த ஸ்பிரேயர் இருந்தது. மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே அதைக் கழற்ற வேண்டும். எழுபத்திரண்டு வயதில். நான் கழற்றட்டுமா என்று கேட்டேன், உண்மையாகத்தான் கேட்டேன்.

"உன் வேலை குழாய்" என்றது வண்டியின் அடிப்பகுதி.

அரை மணி நேரம் கழித்துக் கழன்றது. முட்டை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தலை. அதன் துளை ஒவ்வொன்றும் சுண்ணாம்பால் அடைத்திருந்தது. கிளேட்டனே கோட்டைத் தாண்டி வந்து பார்த்தார், இப்படிப்பட்ட பற்காரையை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றார். கோட்டைத் தாண்டியதற்காக ஆர்டித் அவர் கையில் ஒரு தையல் ஊசியைக் கொடுத்தார். இரண்டு பேரும் காப்பி டப்பாவில் வினிகரில் அதை ஊறப் போட்டு, ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தார்கள். முப்பத்தாறு துளை. பல் வைத்தியருக்கு அன்று நல்ல பொழுது.

திரும்ப மாட்டி, புது ரப்பர் வைத்து, சுற்றிப் பசை போட்டு, காயவிட்டு, மாலை நாலு மணிக்கு ஆர்டித் திற என்றார். திறந்தேன். 'உஸ்' என்றது. கண்ணாடிக் குழாயில் முதலில் சிவப்புத் தேநீர் மாதிரி வந்தது, பிறகு வெளுத்தது, பிறகு குடிக்கலாம் போல ஓடியது. நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள். ஆர்டித் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏழு வருடத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அப்போதுதான்.

நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நாற்றம் குப்பென்று வந்தது.

ஆர்டித்தின் டேங்கில் இப்போது தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ஜன்னலை மூடினேன். நாற்றம் கூடியது. எழுந்து என் குளியலறைக்குப் போய்க் கக்கூஸின் அடி மூடியைத் திறக்கும் மிதியை அழுத்தினேன். அதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். என் வால்வின் கைப்பிடி முழுக்க வெளியே இழுத்தபடி இருந்தது. நவம்பரில் நானே இழுத்துவிட்டதுதான். சாக்கடைக் குழாய் வாசலிலேயே இருக்கும்போது வாரத்துக்கொரு தரம் எதற்குத் திறந்து மூட வேண்டும், திறந்தே கிடக்கட்டும் என்று விட்டிருந்தேன். இப்படி விட்டால் தண்ணீர் மட்டும் உடனுக்குடன் ஓடிவிடும், மற்றது அங்கேயே தங்கும். இரண்டரை மாதத்துச் சேமிப்பு டேங்குக்குள் குவியலாகக் காய்ந்து கிடந்தது. புதிதாக வண்டி வாங்கியவன் செய்யும் தப்பு. சோம்பேறித்தனத்தால் ஏழாவது குளிர்காலத்தில் நான் செய்தேன்.

வால்வை மூடிப் பத்துப் பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். திறந்தால் வெறும் தண்ணீர்தான் போனது. மறுநாள் சோதனை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆர்டித் போவார். இரண்டு வாரத்தில் என் டேங்க் சுத்தமாகிவிடும், அவரோடு நாற்றமும் போயிற்று பார்த்தீர்களா என்று எல்லோரும் சொல்வார்கள். சொன்னால் என் பெயரில் ஒரு குறிப்பு விழும், அடுத்த ஜனவரியில் என் வண்டிக்கும் பத்து வயது. இப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தவன் நான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நோரீன் அட்டையும் பேனாவுமாக வந்தாள். ஆர்டித் சலவைச் சட்டை போட்டு வாசலில் நின்றார். நோரீன் டயரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், எங்கள் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே வந்து நின்று மூச்சை இழுத்தாள். கெட்ட பெண் இல்லை, அவள் முகம் வாடியது.

"இன்னும் இருக்கே, ஆர்டித்."

"இருக்கு" என்றார் ஆர்டித். "ஆனா என்னோடது இல்லை. டேங்கைத் திறந்து காட்டட்டுமா?"

"நீங்க மூணு நாளா பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனா பேப்பர்ல உங்க நம்பர்தானே இருக்கு. நான் வேற என்ன எழுதறது?"

ஆர்டித்தின் கை சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுத் தொட்டு விட்டது. நோரீன் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"நாத்தம் என்னோடது" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். வால்வு திறந்து கிடந்ததைச் சொன்னேன். பின்னால் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நோரீன் போய்ப் பார்த்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். ஆர்டித்தின் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். என் பெயரை அட்டையில் எழுதிக்கொண்டாள், சரி செய்யப் பத்து நாள் என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக நின்றாள்.

"அப்ப இவங்க மேல புகார் போட்டது யாரு?"

நான் குனிந்து சரளையில் ஒரு கல்லைப் பொறுக்கினேன்.

"அதை விடு, நோரீன்" என்றார் ஆர்டித். "சீட்டுல பேர் இல்லைல்ல? போய் வேலையைப் பாரு."

அவள் போகும்வரை காத்திருந்தேன். சீட்டை எழுதியது நான்தான் என்றேன்.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"செவ்வாக்கிழமை. எனக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிற கூடம். வாஷிங் மெஷினா எழுதிப் போடும்?"

"தெரிஞ்சுமா என்னைக் குழாய்கிட்ட நிக்க வெச்சீங்க?"

"ஆள் வேணுமே. நீதான் பக்கத்துல இருந்தே." குரல் அப்போதுதான் தடித்தது. "நாத்தமடிக்குதுன்னு என் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் ரெண்டு டேங்கையும் பாத்திருப்போம். ஒரு மணி நேர வேலை. நான் தங்கச்சி வீட்டு ரூமுக்குப் போகணுமேன்னு மூணு நாளா சோறு இறங்கல, வென்டெல்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சரளையில் நின்றுகொண்டே இருந்தேன். அந்தக் கதவுக்கும் என் கதவுக்கும் எட்டடிதான். ஏழு குளிர்காலத்தில் ஒருமுறைகூட அதை நான் தட்டியதில்லை, இரவல் கேட்கக்கூட.

மதியம் போய்த் தட்டினேன். கதவு திறக்க நேரமாயிற்று. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன், எட்டடியில் எவ்வளவு யோசிக்க முடியுமோ அவ்வளவு. அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்து, தப்பு பண்ணிட்டேன் என்றது மட்டும்தான் வந்தது.

அவர் கதவோரம் கிடந்த பூட்ஸைக் காலில் மாட்டினார்.

"சரி. உன் டேங்க் முக்கால் நிறைஞ்சிருக்கா, முழுசாவா?"