செல்லத்துரையின் வலது கால்

ராஜபாளையத்தில் முப்பத்தாறு வருடம் பிரேக் வேலை பார்த்தவன் நான். ஒரு டிரைவரின் காலை எக்ஸ்ரே எடுக்க வைத்த மெக்கானிக் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இப்போது வேலை பழகுகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

1. எக்ஸ்ரே

ஒரு திங்கட்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் ரெங்கநாயகி அக்கா ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தார். பெரிய கவரிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

“பாருங்க தம்பி. எலும்பு டாக்டரு ஒண்ணுமில்லங்காரு. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

அது அவருடைய டிரைவர் செல்லத்துரையின் வலது பாதம். பாதத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றார்.

விஷயம் இதுதான். அக்கா பால்கோவா போட்டு விற்பவர். வன்னியம்பட்டியிலிருந்து தினமும் பால் அவர் காரில் வரும். பின் சீட்டைக் கழற்றி, கேன் வைக்க இடம் செய்து கொடுத்ததே நான்தான். அடுத்த மாதமே பிரேக் தொல்லை ஆரம்பித்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று வருவார்கள், பார்த்திருக்கிறேன். இது அளவுக்கு மேல் பிடித்தது. பெடலில் கால் பட்டாலே பின்பக்க இடது சக்கரம் கப்பென்று கவ்வும். முட்டுக்கட்டை போட்ட தேர் மாதிரி வண்டி குலுங்கி நிற்கும்.

காலையில் முதல் பிரேக் கோபுரம் தெரிகிற வளைவில். முதல் வாரம் அக்கா, “ஆண்டாளு கூப்புடுதா” என்று இறங்கிக் கும்பிட்டார். இரண்டாவது வாரம் கேன் சரிந்து வண்டிக்குள் பால் ஓடியது. சாமியை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

அந்தச் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே பிரேக் ஷூவில் பழுப்பாகப் பிசுக்கு. கிரீஸ்தான் என்று முடிவு செய்து, ஆயில் சீல் மாற்றி, ஷூவை எமரி தாளில் தேய்த்து மாட்டினேன். கிருஷ்ணன்கோவில் வரை காலேஜ் பஸ்களுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பூப்போல இருந்தது. நாலாம் நாள் வண்டி திரும்பி வந்தது. ஷூவைப் புதிதாகப் போட்டு, டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். மறுபடி பூப்போல. மறுபடி வந்தது. வீல் சிலிண்டரையும் மாற்றினேன். என் கையில் இருந்தால் நல்ல பிள்ளை, அங்கே போனால் பேய்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அக்கா, வண்டியில ஒண்ணுமில்ல. கோளாறு ஒங்க டிரைவரு கால்ல இருக்கு” என்றேன்.

கொஞ்சம் அழுத்தி மிதிக்கிறார் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அக்கா சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவர். முதலில் செருப்பைக் கழற்றி ஓட்டச் சொன்னார். பிறகு காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னார். எண்ணெய்க் கால் பெடலில் வழுக்கி, வண்டி ஒரு பூக்கடைப் பந்தலுக்குள் போய் நின்றது. அதன் பிறகுதான் எக்ஸ்ரே.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை மேலும் கீழும் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“இந்த இடத்துல கொஞ்சம் கனமாத்தான் தெரியுது.”

“அப்பிடிச் சொல்லுங்க. ஏலே செல்லத்துரை, வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ. கனத்த கால வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?”

2. மணி

வியாழக்கிழமை, புது டிரைவர் வருமுன் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லி அக்கா வண்டியை அனுப்பியிருந்தார். பாலை இறக்கிய கையோடு கொண்டுவந்து நிறுத்திவிட்டு, செல்லத்துரை டீ குடிக்கப் போனார்.

பக்கத்து வீட்டு நாய் மணி உள்ளே வந்தது. அசல் ராஜபாளையம், வெள்ளை வெளேர் என்று இருக்கும், யாரையும் மதிக்காது. கார் சக்கரத்தைப் பார்த்தால் நாய் காலைத் தூக்கும், அதுதான் உலக வழக்கம். மணி இடது பின் சக்கரத்துக்குப் போய் உட்கார்ந்து, ருசித்து நக்கியது.

டிரம்மைக் கழற்றிப் பிசுக்கை மோந்து பார்த்தேன். பால்கோவா. சீனி மட்டும்தான் போடவில்லை.

வண்டிக்குள் ஏறி, தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டை விலக்கினேன். சீட் போல்ட் இருந்த நாலு ஓட்டைகளில் மூன்றுக்கு ரப்பர் அடைப்பான் இருந்தது. நாலாவது திறந்து கிடந்தது, நேர் கீழே டிரம்மின் பின்தகடு. தளும்பிய பால் அதில் இறங்கி, ஷூ அட்ஜஸ்ட் பண்ணுகிற ஓட்டை வழியாக உள்ளே போய், சூட்டில் சுண்டியிருக்கிறது. பால் ஒழுகியதால் பிரேக் கவ்வியது, கவ்வியதால் இன்னும் பால் தளும்பியது. நான் ஓட்டிப் பார்த்ததெல்லாம் வெறும் வண்டி.

நாலாவது அடைப்பான் எங்கே என்று எனக்குத் தெரியும். சீட் வேலை முடிந்த அன்று தரையில் கிடந்தது. எந்த வண்டியுடையதோ என்று எடுத்து, நடுவில் குத்தி, சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஸ்டாண்டாக வைத்திருந்தேன். இரண்டு மாதமாக அதற்குத்தான் தினமும் கும்பிடு.

அடைத்துவிட்டு ‘ரெடி’ என்று அனுப்பிவிடலாம். மணி யாரிடமும் சொல்லாது. அப்படித்தான் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

செல்லத்துரை வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலைத் தடவினார்.

“அண்ணாச்சி, ஒங்க மேல வருத்தமில்ல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இருவது வருசமா ஓட்டுதேன், எங்காலு இப்பிடின்னு எனக்கே தெரியாமப் போச்சே. பள்ளிக்கூட வேனுக்குக் கூப்புட்டாவ. பிள்ளைய உசுரு, வேண்டாம்னுட்டேன். இனிம ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்.”

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

3. கை

பிசுக்கைத் துடைத்து டிரம்மை மாட்டி, அதே வண்டியில் அக்காவிடம் போனேன். வாணலி முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தார். சாம்பல் ஒட்டிய அடைப்பானை அவர் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் செல்லத்துரை தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா அடைப்பானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்பம் அவன் காலு நல்ல காலா?”

“நல்ல காலுக்கா.”

“ஏலே செல்லத்துரை, வண்டிய எடு. தம்பியக் கூட்டிட்டு எலும்பு டாக்டர்ட்டப் போ. கைய ஒரு படம் எடுக்கணும்.”

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. செல்லத்துரை வண்டியை எடுத்தார். வழியெல்லாம் பிரேக் பூப்போல இருந்தது.

தம்பிகளே, வண்டி எந்தச் சுமையோடு ஓடுகிறதோ அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஊதுபத்தியை நான் இப்போது வாழைப்பழத்தில்தான் குத்துகிறேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் இரண்டு எக்ஸ்ரே தொங்குகின்றன: செல்லத்துரை கால், என் கை. டாக்டர் இரண்டிலும் கோளாறு இல்லை என்றுதான் சொன்னார். ஒன்றில் அவர் சொன்னது தப்பு.