வடிவு எழுதிய தேர்வும் நான் வைத்த புற்றுமண்ணும்

அம்மனை நம்பி இந்தச் சங்கரன்கோவிலில் வாழ்கிற எல்லோருக்கும் என் வணக்கம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டு வழிபாட்டில் என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். மூன்று வாரம் எழுந்தேன். மூன்று வாரமும் வாய் வராமல் உட்கார்ந்துவிட்டேன். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன், சரி என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, என் மனைவியின் மூன்று வருடப் படிப்பை என் கையாலேயே கெடுத்தேன். அப்போது என் கையில் இருந்தது அம்மன் கோயில் புற்றுமண்.

என் பெயர் மாடசாமி. பூ மார்க்கெட்டில் எடை போடுகிறேன். எல்லோரும் கத்தி ஏலம் கேட்கிற இடத்தில் கத்தாமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஒரு முறை வங்கியில் யாரிடமும் கேட்கப் பயந்து தப்பான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

என் மனைவி சங்கரவடிவு அப்படி இல்லை. பிளஸ் டூ முடித்ததும் எனக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மகளை ராயகிரியில் கட்டிக்கொடுத்த பிறகு, "இனி நான் படிக்கப் போறேன்" என்றாள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கிற கல்லூரிப் படிப்பு. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப் இருந்தது. ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் அறையைப் பெருக்கித் துடைத்துப் பூட்டுகிற வேலை அவளுக்கு. பட்டம் வாங்கினால் அதே அறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை தருகிறேன் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருடம் படித்தாள்.

எல்லாப் பாடமும் தேறிவிட்டாள். அசெம்பிளி லாங்குவேஜ் என்கிற ஒன்று மட்டும் தேறவில்லை. மற்றவற்றில் நாம் ஒன்று சொன்னால் கம்ப்யூட்டர் மீதியைத் தானே பார்த்துக்கொள்ளுமாம். இதில் எடு, வை, கூட்டு, ஒன்று குறை, திரும்பிப் போ என்று ஒவ்வொரு அடியாகச் சொல்ல வேண்டுமாம். ஒரு அடி விட்டுப்போனாலும் எல்லாம் கெட்டுவிடும். சட்னி அரைக்கும்போதும் "மூவ் ஏ எக்ஸ், மூவ் பி எக்ஸ்" என்று முணுமுணுப்பாள்.

"ரெஜிஸ்டர்னா சின்னப் பெட்டிங்க. ஒண்ணுதான் வைக்க முடியும்" என்றாள் ஒரு நாள்.

"நம்ம தராசுத் தட்டு மாதிரியா? ஒரு கூடைய எறக்குனாத்தான் அடுத்த கூடை?"

"அட! பேசாம பரீட்சைய நீங்களே எழுதிருங்க" என்று சிரித்தாள்.

இன்னொரு நாள் சாயங்காலம் திரை கறுப்பாக அப்படியே நின்றுவிட்டது. வடிவு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நிக்க மாட்டேங்கு. உள்ள ஓடிக்கிட்டே இருக்கு. பத்துச் சுத்து சுத்தச் சொன்னேன். ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு கழிக்கச் சொல்ல மறந்துட்டேன். எப்ப நிக்கணும்னு அதுக்குத் தெரியல."

ஆடிச் சுற்று வருகிறவர்களுக்கு இது புரியும். மடியில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுகிறோம். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டையை எடுத்துப் போடுகிறோம். மடி காலியானால் சுற்று முடிந்தது. கொட்டை போட மறந்தால் கணக்கே போய்விடும். "கொட்ட போட மறந்துட்டியாக்கும்" என்றேன். "ஆமா, அதேதான்" என்றாள். அந்தப் பாடத்தில் எனக்குப் புரிந்தது அந்த இரண்டு விஷயம்தான்.

முதல் தடவை அந்தத் தேர்வில் தவறிவிட்டாள். இரண்டாம் தடவை ஆடி மாதத்தில் வந்தது. வீட்டில் உட்கார்ந்தே எழுத வேண்டும். லேப்டாப் கேமரா அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது.

"பத்தரையிலிருந்து பன்னெண்டரை வரைக்கும் என்ன ஆனாலும் உள்ள வந்துராதிய" என்று இரண்டு தடவை சொன்னாள். தலையை ஆட்டினேன்.

அன்று நான் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அவளுக்காக நேர்ந்துகொண்ட நூற்றெட்டுச் சுற்றில் மீதியிருந்ததை முடித்தேன். புற்றுமண்ணை நாள்காட்டித் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சத்தமே இல்லை. போன தடவை மாதிரி ஆகிவிட்டது, அழுகிறாள் என்று நினைத்தேன். பேசாமல் மண்ணை நெற்றியில் வைத்துவிட்டு வந்துவிடலாம், அதில் என்ன தப்பு என்று மனம் சொன்னது.

கதவைத் திறந்தேன். பின்னால் போய் நின்று, தாளைப் பிரித்து, அவள் நெற்றியில் மண்ணை இட்டேன். அவள் துள்ளிவிட்டாள். பதற்றத்தில் நானும் குனிந்து, "அம்மா பாத்துக்கிடுவா" என்று காதில் சொன்னேன்.

திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. அவள் எழுதியதெல்லாம் மறைந்துபோனது.

"எதுக்கு உள்ள வந்திய?" என்று கேட்டாள். மீதியைச் சாயங்காலம்தான் சொன்னாள். தட்டுகிற சத்தம் நின்றபோது அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். விடை பாதிக்கு மேல் வந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வடிவு வாசித்துக் காட்டினாள். ஒரு ஆண் உள்ளே வந்திருக்கிறார். அவர் கையில் மடித்த தாள் இருந்தது. மாணவியின் காதில் ஏதோ சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை வீடியோவில் விசாரணை. அந்த ஆளும் கட்டாயம் வர வேண்டும். குற்றம் உறுதியானால் இரண்டு வருடம் தேர்வு எழுத முடியாது.

பிட்டுத் தாள் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு வருடம் அந்தப் பள்ளியில் யார் காத்திருப்பார்கள்? அதைவிட, காப்பியடித்தவள் என்ற பெயரோடு அவள் எப்படி அந்த அறைக்குள் போவாள்? எல்லாம் என்னால். அவளைக் காப்பாற்ற நான்தான் பேச வேண்டும். பேச்சே வராத நான்.

விஷயம் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. கமிஷன் கடை அண்ணாச்சி பிச்சிப்பூக் கூடையைத் தட்டில் வைத்துக்கொண்டே கத்தினார்.

"ஏலே மாடசாமி! ஒம் பொண்டாட்டிக்குக் கம்ப்யூட்டர் பரீட்சையில நீ விடை சொல்லிக் குடுத்தியாம்லா? அஞ்சாங்கிளாஸ் புரொபசரு வாராரு, வழி விடுங்கவே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி பக்கத்தில் வந்தார்.

"ஒண்ணும் பயப்படாதல. நீ அவளுக்கு அண்ணன்னும், ஒனக்குப் புத்தி கொஞ்சம் சரியில்ல, தெரியாம உள்ள வந்துட்டன்னும் ஒம் பொண்டாட்டிய சொல்லச் சொல்லு. நீ சும்மா பேந்தப் பேந்த முழிச்சாப் போதும். அது ஒனக்கு நல்லா வரும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பேச வேண்டாம் அல்லவா? வீட்டுக்கு வந்து சொன்னேன். வடிவு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, பொய் சொல்லி வாங்குன பட்டத்த வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க? நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க."

"எனக்கு வாய் வராதேட்டி."

"வரும்" என்றாள். அவள் குரலும் நடுங்கத்தான் செய்தது.

விசாரணை அன்று காலையில் அம்மன் சந்நிதிக்குப் போனேன். கும்பிட மனம் வரவில்லை. கோபம் வந்தது. உன் மண்ணை வைத்ததுதானே தப்பாகப் போனது, நூற்றெட்டுச் சுற்று சுற்றியதற்கு இதுதானா பலன் என்று மனதுக்குள் கேட்டேன். அப்படிக் கேட்டதும் பயமாகிவிட்டது. அழுதேன். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி நகர்ந்து இடம் விட்டார்கள். கடைசியில் ஒன்றுதான் கேட்டேன். "தாயே, என் பயத்த எடுக்க வேண்டாம். இன்னைக்கு ஒரு நாள் வாய மட்டும் எனக்குக் குடு."

மூன்று மணிக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு அம்மா. பெரியவர் ஒருவர் கேட்டார்: "சார், நீங்கதான் அறைக்குள்ள வந்தவரா? அவங்க காதுல என்ன சொன்னீங்க?"

என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. மறுபடியும் கேட்டார். வடிவு என்னைப் பார்க்கவில்லை. அவள் விரல்கள் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபோதுதான் வாய் திறந்தது. எப்படித் திறந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அம்மா பாத்துக்கிடுவான்னு சொன்னேன் ஐயா."

"எந்த அம்மா? உங்க அம்மாவா?"

"எங்க ஊரு அம்மன். கையில வச்சிருந்தது புத்துமண்ணு. கோயில்ல குடுக்கது. நெத்தியில வச்சா நல்லதுன்னு வச்சேன். உள்ள வரக் கூடாதுன்னு இவ சொன்னா. நான்தான் பயந்துபோய் வந்துட்டேன். தப்பு என்னுது."

பூஜை அலமாரியில் இருந்த பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். அவசரமாகத் தாளை விரித்ததில் மிச்ச மண் லேப்டாப் மேல் கொட்டியது. தாளின் இரண்டு பக்கத்தையும் கேமராவுக்குக் காட்டினேன். ஒரு பக்கம் நல்ல நேரம், ராகு காலம். மறுபக்கம் ஒன்றும் இல்லை.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "ரெஜிஸ்டர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லத்தானே வாய் கேட்டேன்? "தராசுத் தட்டு மாதிரிம்மா. ஒரு நேரத்துல ஒரு கூடதான். இவதான் சொன்னா" என்றேன்.

பெரியவர் மற்றவரைப் பார்த்தார். "அவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு போல" என்றார். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். உண்மையைச் சொல்லியே அவளைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூவரும் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு அந்த அம்மா சொன்னார்: "இப்பவே எங்க முன்னால ஒரு புரோகிராம் எழுதுங்க. பத்து எண்கள்ல பெரியது எதுன்னு கண்டுபிடிக்கணும். சாரும் கேமராவுல தெரியிற மாதிரி உட்காரட்டும். அவர் வாயைத் திறக்கக் கூடாது."

முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தேன். வடிவு மண்ணை ஊதிவிட்டு எழுதினாள். இருபது நிமிடம் ஆகியிருக்கும். கடைசியில் ஓட விட்டாள். திரையில் புரோகிராம் ஓடுகிற கட்டம் கறுப்பாக நின்றது. விடை வரவில்லை. எழுதியதை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. கொட்டை போட மறந்துவிட்டாள். அன்று சாயங்காலம் நின்ற மாதிரியே நிற்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் எல்லாம் போய்விடும். ஒரு இருமல்கூட வரக் கூடாது. அவள் பக்கம் திரும்பினாலே சந்தேகப்படுவார்கள். ஆயுள் முழுவதும் வராத வார்த்தை அப்போது நாக்கு நுனியில் வந்து முட்டியது. காலையில் வாயைக் கொடு என்று கேட்டவன், "தாயே, என் வாயக் கட்டு, கட்டு" என்று உள்ளுக்குள் கதறினேன். கீழுதட்டைக் கடித்ததில் உப்புக் கரித்தது. என் இரண்டு கைவிரல்களையும் முழங்காலில் ஊன்றி, கேமராவின் அந்தச் சின்னப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை நிமிடம் போனது என்று தெரியாது. வடிவு "ஓ" என்றாள். ஒரே ஒரு வரி சேர்த்தாள். மறுபடி ஓட விட்டாள். எண் வந்தது.

அந்த அம்மா கேட்டார்: "எங்க தப்பு இருந்தது?"

"ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு குறைக்கச் சொல்லலம்மா. அதான் நிக்கல" என்றாள் வடிவு. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பதினைந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பதினைந்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் கூடை ஏறும்போதெல்லாம் அவள் முகம்தான் தெரிந்தது. பிறகு கடிதம் வந்தது. விதியை மீறியதற்கு எச்சரிக்கை. காப்பியடித்ததாகக் கருதவில்லை. மறு தேர்வு எழுதலாம். புரட்டாசியில் எழுதினாள். அன்று காலை பத்து மணிக்கு நானே கதவை வெளியே பூட்டி, சாவியைக் கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டேன். தேறிவிட்டாள்.

இப்போது அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் அவள். அறையை இன்னும் அவள்தான் பெருக்குகிறாள், பழக்கம் விடவில்லை என்கிறாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். அன்று கதவைத் திறந்து உள்ளே போனது என் பக்தி என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது என் பயம். அம்மன் வேலையை அம்மன் செய்ய மாட்டாளோ என்ற பயம். அந்தப் பயத்தோடு போய் நின்றவனையும் அவள் தள்ளவில்லை. பேச வேண்டிய நேரத்தில் பேச வைத்தாள். பேசாமல் இருக்க வேண்டிய நேரத்தில் இருக்க வைத்தாள். இப்போதும் நாலு பேர் முன்னால் எனக்குத் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் போன மாதம் வங்கியில் எது சரியான வரிசை என்று கேட்டுவிட்டுத்தான் நின்றேன்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பயம் இருந்தால், அது போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே அம்மன் முன்னால் வந்து நில்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தையும் சொல்லுங்கள். சொல்ல வாய் வராதவர்கள் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். தூண் ஓரமாகத்தான் நான் எப்போதும் நிற்பேன்.