மலடென்று ஏரில் பூட்டிய கிடேரி

என் அப்பன் எனக்குச் சீதனமாகக் கொடுத்தது ஒரு சிவப்புக் கிடேரி. அது ஈனும் முதல் கன்று பெட்டையானால் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் பேச்சு. என் தங்கைக்குச் சீதனம் கொடுக்க எங்கள் வீட்டில் வேறு நாதி இல்லை.

கன்றுக்குட்டி, கிடேரி, சினைக்கிடேரி, ஈன்ற பிறகு பசு. கம்பத்துப் பக்கம் இந்த வரிசை தப்பிய மாட்டுக்கு மலடு என்று பேர். மலட்டுக்கு நுகத்தடி. மூன்று தரம் காளைக்கு விட்டும் சினை நிற்கவில்லை என்று என் மாமனார் முடிவு கட்டியிருந்தார்.

அந்த வருஷம் பெரியாற்று அணை வேலைக்குச் சுண்ணாம்பு வண்டி இழுக்கப் போன எங்கள் காளைகளில் ஒன்று குமுளி ஏற்றத்தில் காலொடிந்து செத்தது. நடவுக்கு உழ ஜோடி இல்லை.

"செனையா இருக்கு மாமா. மடி எறங்குது, தொட்டுப் பாருங்க," என்றேன்.

"புல்லைத் தின்ன கொழுப்பு அது. ஏலே, அந்த மலட்டை அவுத்துட்டு வாடா!" என்று மகனிடம் சொன்னார். என் புருஷன் என் முகத்தைப் பார்க்காமல் அவிழ்த்துக்கொண்டு போனான். கோழைப்பயல்.

முழங்கால் புதையும் தொழிச்சேற்றில் கிடேரி ஏர் இழுத்தது. படுத்தால் வாலைக் கடித்து எழுப்பினார்கள். மூன்றாம் நாள் வரப்போரம், மாசம் நிறையுமுன்னே கன்று வீசிவிட்டது. மயிர் முளைத்த கன்று. ஒரே ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான். காலை விலக்கிப் பார்த்தேன். பெட்டை. பாவிகளா, உருப்படுவீர்களா!

மறுநாள் மடியில் பால் இறங்கியது. மாமியாருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா புள்ள, ஒன் மாடு மலடில்ல. ஒங்க மாமா தெரியாம சொல்லிட்டாக," என்று செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சீம்பாலில் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி எனக்கும் நீட்டினாள். கொட்டிலில் அது கன்றைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தது. கிண்ணத்தை அவள் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். பசி. குடித்தேன். இனித்தது.

மாடு ஈன்ற சேதி தெரிந்து பத்தாம் நாள் அப்பன் கன்றைக் கேட்டு வந்தார். எங்கள் கையால் பெட்டைக் கன்று செத்தால் அப்பனுக்கு ஈடு கொடுக்க வேண்டும், அதுவும் பேச்சு.

"காளங்கன்னு அண்ணே. செத்துப் பொறந்துச்சு," என்றாள் மாமியார்.

அப்பன் என்னைப் பார்த்தார். "அப்படியா ஆத்தா?"

நான் தலையாட்டினேன்.