ஓடுதளத்தில் காய்ந்த நெல்லும் நான் தவறாகப் படித்த நாலரை மணியும்

புள்ளரசன் முதுகில் அமர்ந்து விசும்பைக் கடக்கும் பெருமானே, மழைமுகில் நிறத்தவனே, நிலத்தில் நடப்போரையும் வானில் வருவோரையும் ஒரே கண்ணால் காப்பவனே, நின் திருவடியை முன்னிறுத்தி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். இதில் என் பிழையொன்றை மறைக்காமல் எழுதும் துணிவை அருள்வாயாக.

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் சிறிய விமானத்தளம் ஒன்று இருப்பதையும், வெளிநாட்டிலிருந்து வரும் சிறு விமானங்களுக்காக அது விரிவாக்கப்படுவதையும் கேள்வியுற்ற அன்பர்கள் சிலர், அவ்வழியே வந்திறங்கி மூணாறுக்கும் காந்தலூருக்கும் செல்ல இயலுமா என்று எனக்கு எழுதிக் கேட்டிருந்தனர். புரட்டாசி இரண்டாம் வாரம் காந்தலூரில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். என் மனைவியின் தங்கை ருக்மணியின் வயல் அத்தளத்தின் மேற்கு எல்லையை ஒட்டியது. ஆகவே நேரில் கண்டு எழுதுவதே முறை என்று வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டேன்.

காந்தலூரிலிருந்து மறையூர் பதினாறு கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் பங்கு ஜீப்பில் ஐம்பது ரூபாய். மறையூரில் 7.50க்கு உடுமலைப் பேருந்து. சின்னாறு வனச்சாலை வழியாக நாற்பத்திரண்டு கிலோமீட்டர், எழுபத்திரண்டு ரூபாய். சோதனைச்சாவடியைத் தாண்டியதும் இடப்புறச் சன்னலில் அமர்ந்திருப்போருக்கு யானை காணக் கிடைக்கலாம். எனக்குச் சாணம் மட்டுமே கிடைத்தது. உடுமலையில் 9.40. அங்கிருந்து பொள்ளாச்சிக்கு முப்பது ரூபாய், பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு இருபத்தெட்டு. பகல் பன்னிரண்டரைக்கு இறங்கிவிட்டேன். (இவை நான் சென்ற நாளின் கட்டணங்கள்.)

விமானத்தளம் சந்தையிலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய் கேட்ட ஓட்டுநர், என் கைப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏனுங்கய்யா, பிளேன் ஏறப் போறீங்களா, நெல்லுக் காயப் போடப் போறீங்களா?" என்றார். கிண்டல் என்று கருதிச் சிரித்தேன். கால் மணி நேரம் கழித்துச் சிரிப்பு நின்றது.

ஆயிரத்து நூறு மீட்டர் நீளமுள்ள அந்த ஓடுதளத்தின் மேற்குப் பாதி முழுவதும் நெல். கரிய தார்ப்பரப்பின் மேல் பொன்னிறப் பாய் விரித்ததுபோல் அது காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் காலால் துழாவிப் புரட்டிக்கொண்டிருந்தனர். நடுக்கோட்டின் மீது ஒருவர் தூக்குச்சட்டியைத் திறந்து மதிய உணவு உண்டுகொண்டிருந்தார். வானூர்தி இறங்கும் இடத்தில் இப்படியொரு காட்சியைக் காண்பேன் என்று கனவிலும் எண்ணியதில்லை. அதைவிடத் திகைப்பூட்டியது, அங்கிருந்த எவருக்கும் அது விந்தையாகத் தோன்றாததே.

அதன் முறையை எனக்கு விளக்கியவர் இப்ராகிம். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே காவலர். வாயிற்கதவு, தொலைபேசி, காற்றின் திசை காட்டும் துணிக்குழாய், நாய் விரட்டல் எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய அண்ணன்மார் சந்தையில் மளிகைக் கடை வைத்திருக்கின்றனர். இதுவரை மாதத்துக்கு நான்கைந்து விமானங்களே வந்தனவாம். வருமுன் யாரேனும் தொலைபேசியில் நேரம் சொல்வார்கள். அவர் வாயிலில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பார். ஓசை கேட்டதும் சுற்றுவட்டார உழவர்கள் பலகைகளோடு ஓடிவந்து அரை மணியில் நெல்லை ஓரம் தள்ளிப் பெருக்கிவிடுவர். விமானம் போனதும் மறுபடி விரிப்பர். ஒருமுறைகூடத் தவறியதில்லை என்றார்.

அவ்வாண்டு ருக்மணிக்கு அந்தத் தார்ப்பரப்பு வெறும் வசதியாக இல்லை. அவள் கணவர் காலமாகி ஐந்தாண்டுகள் ஆகின்றன. ஒன்றரை ஏக்கரைத் தானே பார்க்கிறாள். அறுத்துப் போட்ட மூன்றாம் நாள் மழையில் நெல் முழுவதும் நனைந்துவிட்டது. ஒரு பிடியை என் கையில் வைத்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. "உள்ளார சூடேறிப் போச்சுங்க மாமா. இன்னும் ரெண்டு வெயில் கெடச்சாப் பொழைக்கும். இல்லீன்னா மொளச்சுப் போயிரும், மாட்டுக்குக் கூட ஆகாது" என்றாள். அவளுடைய ஓராண்டு உழைப்பு முழுவதும் அந்த இரண்டு வெயிலை நம்பிக் கிடந்தது.

மாலையில் இப்ராகிம் எனக்குப் புதிய கட்டடத்தைக் கண்ணாடிக் கதவு வழியே காட்டினார். பளிங்குபோல் கருங்கல் தரை, உயர்ந்த கூரை, பன்னிரண்டு பெரிய மின்விசிறிகள். குடிவரவு, சுங்கம், சுகாதாரம் என மும்மொழிப் பலகைகள். 'வெளிநாட்டுப் பயணிகள் இடப்புறம்' என்று அம்புக்குறி. தரையில் மஞ்சள் கோடுகள். கணினிகள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தன. வெளியே வேலிக்கான இரும்புத் தூண்கள் அடுக்கிக் கிடந்தன. அரசின் இறுதி அனுமதி இன்னும் வரவில்லை. அதற்கு முன்னோடியாக ஓடுதளத்தைச் சோதிக்க மறுநாள் வெளிநாட்டு நிறுவனத்தின் விமானம் ஒன்று கொச்சியில் சுங்கச் சோதனைகளை முடித்துக்கொண்டு இங்கே வருகிறது என்றார்.

அதன் பிறகுதான் என் பிழை நேர்ந்தது.

பொறுப்பதிகாரி ஷீபா, கோட்டயத்துக்காரர், பணியேற்று நான்கு மாதமே ஆன இளம்பெண். தீயணைப்பு வண்டியை அழைத்துவரப் பாலக்காடு சென்றிருந்தார். போகும்போது ஆங்கிலத் தாள் ஒன்றை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுப் போயிருந்தார். தொலைபேசியில் தமிழிலோ மலையாளத்திலோ நேரம் கேட்டே பழகிய இப்ராகிம், அத்தாளை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். வடமொழியும் தென்மொழியும் ஓதிய எனக்கு ஓர் அலுவலகத் தாள் எம்மாத்திரம் என்று எண்ணினேன். மூக்குக்கண்ணாடி பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. நாளை, 04.30 என்று பெரிய எழுத்தில் தெரிந்தது. விடியலுக்கு முன் இருட்டில் இறங்க ஓடுதள விளக்குகள் இன்னும் பொருத்தப்படவில்லை. ஆகவே மாலை நாலரைதான் என்று தீர்ப்புக் கூறினேன்.

"அடியில பொடி எழுத்துல என்னமோ இருக்குதுங்களே?" என்றார் இப்ராகிம்.

"அது அலுவலகச் சம்பிரதாயம்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. ருக்மணி வீட்டில் நீராடி, திருமண் இட்டு, வழிபாட்டை முடித்து எட்டரைக்கு ஓடுதளம் சென்றேன். ருக்மணியும் பக்கத்து வயல்காரர்களும் நெல்லை விரித்துவிட்டிருந்தனர். மேகம் சிறிதும் இல்லாத வெயில். மாலை நாலரைக்குத்தானே, மூன்று மணி வரை காயட்டும் என்று எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தனர். நான் துணிக்குழாய்க் கம்பத்தின் நிழலில் அமர்ந்து பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில், தென்மேற்கிலிருந்து வண்டின் முரல்வுபோல் ஓர் ஒலி கேட்டது. ஒலி வளர்ந்தது. தென்னைகளுக்கு மேலே வெண்ணிற விமானம் ஒன்று, சக்கரங்களை நீட்டியபடி, எங்களை நோக்கியே தாழ்ந்து வந்தது. அதன் மூக்கில் சுழன்ற தகட்டின் மின்னலை இன்றும் கண்ணை மூடினால் காண்கிறேன். நாவில் இருந்த பாசுரத்தின் அடுத்த சொல் வரவில்லை. நெல்லின் நடுவே ருக்மணி அண்ணாந்து நின்றாள், ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. விமானம் திடீரென்று உறுமி மேலேறியது. அது கிளப்பிய காற்றில் அவள் முந்தானை தலைக்கு மேல் எழுந்து தணிந்தது.

இப்ராகிம் தண்டவாளத்தை அடிக்கத் தொடங்கினார். அதே கணத்தில் வாயிலில் தீயணைப்பு வண்டியும், அதன் முன்னே ஷீபாவின் காரும் வந்து நின்றன. அவர் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு காரிலேயே தங்கிவிட்டது. கைப்பேசி போன்ற வானொலிக் கருவியில் விமானியிடம் வானிலேயே காத்திருக்கும்படி சொல்லிவிட்டு, நெல்லைப் பார்த்தார். பிறகு தீயணைப்பு வீரர்களிடம், "எல்லாரும் எறங்ஙூ" என்று வண்டியிலிருந்து இறங்கச் சொன்னார்.

தலைக்கு மேல் விமானம் வட்டமிட, கீழே இருபது பேர் தள்ளினோம். பலகை, தென்னந்துடைப்பம், வெறுங்கை. எழுபத்து நான்கு வயதில் அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நானும் பலகை பிடித்தேன். புத்தம் புதிய தலைக்கவசம் அணிந்த வீரர் ஒருவர், பணியில் தமக்கு இதுதான் முதல் நாள் என்று மூச்சிரைக்கச் சொன்னார். இருபத்து மூன்று நிமிடங்கள். கடைசிப் பிடியைப் பெருக்கிய பின் ஷீபா ஓடுதளத்தை இறுதிவரை தாமே நடந்து பார்த்துவிட்டுத்தான் இசைவு தந்தார். 10.31க்கு விமானம் இறங்கியது.

நரைத்த தலையுடைய விமானி கீழே இறங்கி, சக்கரத்தின் இடுக்கில் ஒட்டியிருந்த நெல்மணிகளை எடுத்துப் பார்த்தார். அரிசியா என்று ஷீபாவிடம் கேட்டார். ஆம் என்றதும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கண்டதைக் கண்டபடி அறிக்கையில் எழுதத்தான் வேண்டும் என்றும் சொன்னாராம்.

அதன்பின் ஷீபா, மாலை நாலரை என்று யார் சொன்னது என இப்ராகிமைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர என் பெயரைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுப் பிழைப்பு போகும் நிலையிலும் அவர் வாய் திறக்காதது, விமானத்தைவிட என்னை அதிகம் உலுக்கியது. நான் முன்னே சென்று, படித்தது நான், அடியில் இருந்ததைப் படிக்காதவனும் நான் என்று ஒப்புக்கொண்டேன். கண்ணாடியை அணிந்து அப்போதுதான் அந்த வரியை வாசித்தேன். நேரங்கள் யாவும் உலகப் பொது நேரத்தில் என்று இருந்தது. நம் நேரத்தை அறிய அதனோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். நாலரை என்பது நமக்குக் காலை பத்து.

ஷீபா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, "போன மாசம் வரெ நம்முடெ நேரம் ஃபோனில் சொல்லியிருந்நதாணு. இனி இங்ஙனெயாணு வரிக என்னு ஞான் இப்ராகிமிக்காயோடு சொல்லியில்ல. என்றெ தப்பும் உண்டு" என்றார்; நேரம் இனி இப்படித்தான் வரும் என்று இப்ராகிமிடம் சொல்லாதது தம் பிழையும்தான் என்பது அதன் பொருள். இனி நேரம் தமிழிலும் நம் கணக்கிலும் எழுதப்படும், ஆனால் ஓடுதளத்தில் நெல் இன்றோடு முடிந்தது, வேலி வரும் வாரமே எழும் என்றும் உறுதியாகச் சொன்னார்.

இப்ராகிம் என் பக்கம் திரும்பி, "வேதமெல்லாம் படிச்சிருக்கீங்க பெரியவரே, ஒத்தைக் காயிதத்த முழுசாப் படிக்கலியே" என்றார். மனத்தாங்கலின்றித்தான் சொன்னார். ஆயினும் எனக்குச் சுட்டது.

நண்பகலுக்குள் தெற்கே வானம் கறுத்தது. ஓரத்தில் வெறுமண்ணில் குவிந்து கிடந்தது நெல்; பாதி மட்டுமே காய்ந்தது. ருக்மணியிடம் இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய். அதை எந்தக் குவியலின் மேல் போடுவது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றாள். எவரையும் பழிக்கவில்லை, என்னையும்கூட. அதைத் தாங்க முடியாமல் ஷீபாவிடம் சென்று, கையெடுத்துக் கும்பிட்டு, புதிய கட்டடத்தின் பெரிய கூரையைக் காட்டினேன். கேட்க எனக்கு உரிமையில்லை என்பதை அறிந்தே கேட்டேன்.

அவர் மேகத்தைப் பார்த்தார். புதிய கட்டடத்தைப் பார்த்தார். கைப்பையைத் துழாவி, "அவிடெ இப்போ ஆரும் வருந்நில்லல்லோ" என்று சாவியை இப்ராகிமிடம் கொடுத்தார். நாளை மாலைக்குப் பின் ஒரு நெல்மணியும் தரையில் இருக்கக்கூடாது என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை.

மூட்டையும் கூடையும் கோணியுமாகச் சுமந்தோம். கண்ணாடிக் கதவின் முன் ருக்மணி செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கினாள், தரை அவ்வளவு பளபளத்தது.

"வெளிநாட்டுப் பயணிக இடப்பக்கம்னு போட்டிருக்குது அம்மணி. உன்ற நெல்லு எந்தப் பக்கம்?" என்றார் இப்ராகிம்.

"நம்மூர் நெல்லு தானுங்ண்ணா. வலப்பக்கமே கொட்டறேன்" என்றாள். அன்று அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

1.40க்கு மழை இறங்கியது. பன்னிரண்டு விசிறிகளும் சுழன்றன. சுங்கத்துக்கும் குடிவரவுக்கும் நடுவே, மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், நெல் மெல்லிய படலமாகப் பரந்து கிடந்தது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ருக்மணி ஒரு நெல்மணியைப் பல்லிடை வைத்துக் கடித்தாள். படக்கென்று உடைந்தது. "பொழச்சுப் போச்சுங்க மாமா" என்றாள். மாலைக்குள் கட்டி எடுத்துத் தரையையும் கழுவித் துடைத்துவிட்டோம். வெளியே வேலித் தூண்களுக்குக் குழி வெட்டத் தொடங்கியிருந்தனர்.

செல்ல விழையும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். அத்தளத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக இறங்கும் அனுமதி நான் சென்றபோது கிடைத்திருக்கவில்லை. விசாரித்த பின்னரே திட்டமிடுங்கள். இப்போதைக்குக் கோவையிலோ கொச்சியிலோ இறங்கிப் பொள்ளாச்சி, உடுமலை வழியாகக் காந்தலூர் செல்வதே எளிது. வனச்சாலையை இருட்டுமுன் கடந்துவிடுங்கள். விமானத் தாள்களில் உலகப் பொது நேரம் குறித்திருந்தால் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். எதையும் கண்ணாடி அணிந்து, கடைசி வரி வரை படியுங்கள். இதை அறிவுரையாக அல்ல, பிழைத்தவனின் வாக்குமூலமாகக் கொள்ளுங்கள்.

இதை வாசிக்கும் உங்கள் இல்லத்தில் களஞ்சியம் குறையாதிருக்கட்டும். வானில் வரும் உங்கள் மக்கள் நலமே தரையிறங்கட்டும். நீங்கள் நனைந்து நிற்கும் நாளில் பூட்டிய கதவொன்று உங்களுக்காகத் திறக்கட்டும். பிறர் நனைந்து நிற்கும் நாளில் அதன் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். புள்ளேறும் பெருமான் உங்கள் குலத்தைக் காப்பானாக.