ஐஸில் வைத்த கரைசல்

நாற்பது தாண்டியபிறகு என் மனைவி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சி. இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகள்தான் தலைப்பு. ஒரு என்சைம் துண்டை வெட்டியெடுத்து வேறோரிடத்தில் ஒட்டிவிடுமாம். வங்கியில் என்னை இலுப்பூரிலிருந்து மணமேல்குடிக்குத் தூக்கியடித்த மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

"அப்படியில்லைங்க. இது போன எடத்துல வேலை பாக்கும்" என்றாள்.

மாதக்கணக்காக அவள் சோதனைக்குழாயில் எதுவும் தாவவில்லை. என்சைம் இன்னும் ஒரே சோதனைக்குத்தான் மிச்சம். திங்கட்கிழமைக்குள் முடிவு வராவிட்டால் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார் நெறியாளர். இந்த வயதில் மாற்றுவதென்றால் விட்டுவிடுவதுதான். இருவருமே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருக்கோகர்ணத்திலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். ஆய்வகத்தில் கரண்ட் இல்லாமல் கிடந்து அப்போதுதான் வந்திருந்தது. ஐஸ் மெஷினில் வெறும் தண்ணீர். நம்மூர் வெயிலுக்குப் பயந்து கரைசலைக்கூட அவள் ஐஸில் புதைத்துத்தான் அமில அளவு பார்ப்பாள். அன்று வேறு வழியில்லாமல் மேசையில் வைத்தே மீட்டரை முக்கினாள்.

"ஏழரைன்னு வச்ச கரைசல் இப்ப ஏழுக்கும் கீழ காட்டுது!"

"மீட்டர் போயிருச்சா?" என்றேன். இயந்திரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி அது.

மீட்டரைக் கழுவி மறுபடி முக்கிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தக் கரைசல் சூடாக ஆக அமிலமாகும்ங்க. ஐஸ்ல சரிபண்ணி, சூட்டுல ரியாக்ஷன் வச்சிருக்கேன். அமிலத்துல என்சைம் எப்படி வெட்டும்? இதை வருஷாவருஷம் நானே பாடம் நடத்துறேன்!"

"பிள்ளைங்க யாரும் கேட்கலையா?"

"நீங்க சும்மா இருங்க."

ரியாக்ஷன் நடக்கும் சூட்டுக்கே கரைசலைக் கொண்டுவந்து, அங்கேயே அளவைச் சரிசெய்து, கடைசி என்சைமை ஊற்றினாள். நான் வராந்தாவில் புத்தகத்தைத் திறந்துவைத்து ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் உள்ளே கூப்பிட்டாள்.

நீல வெளிச்சத்தில், டி.என்.ஏ. துண்டுகளைக் கோடுகளாகப் பிரித்துக்காட்டும் ஜெல்.

"அந்தா, மேல ஒரு கோடு. தாவியிருக்கு. தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது" என்றேன். எனக்குத் தெரிந்தது என் கண்ணாடியில் இருந்த அழுக்கு.

அவள் கண் நிறைந்துவிட்டது. "கையுறை பூரா சாயம், தொட முடியாது. கண்ணைக் கொஞ்சம் தொடைச்சு விடுங்களேன்."

என் கைக்குட்டையின் யோக்கியதை எனக்குத் தெரியும். சட்டை நுனியால் துடைத்துவிட்டேன்.