கடைசியில் வரும் கூடாது

கோயமுத்தூரில் ரிஃபத் அளவுக்குப் பிரதிகள் போன எழுத்தாளர் வேறு யாரும் இருக்க முடியாது. பதினாறு வருடத்தில் ஆறு லட்சம் பிரதி. கணபதியில் உள்ள ஒரு பம்ப்செட் கம்பெனி விற்கும் ஒவ்வொரு மோட்டாரின் பெட்டிக்குள்ளும், தெர்மகோலுக்கும் அட்டைக்கும் நடுவே, அவர் எழுதிய கையேடு இருக்கும். பெட்டியைப் பிரிப்பவர்கள் தெர்மகோலை மட்டும் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கு ஆகும் என்று எடுத்து வைப்பார்கள்.

ரிஃபத் கோட்டைமேட்டுக்காரர். தமிழ் எம்.ஏ.வில் தங்கப் பதக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெக்கானிக்குகள் எழுதி வைத்திருந்த பழைய கையேட்டின் முதல் பக்கத்திலேயே பதினொரு ஒற்றுப்பிழைகளை வட்டம் போட்டுக் காட்டினார். முதலாளி அருள்குமார் அசந்துபோய் அந்த வேலையை அவரிடமே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மோட்டார் 'மின்னோடி' ஆனது. பன்னிரண்டு பக்கம் முப்பத்திரண்டாக வளர்ந்தது. எதை எழுதினாலும் நான்கு முறை படிப்பார்; நான்கு முறையும் ரசிப்பார்.

போன ஐப்பசியில் அவருக்கு மெட்ராஸ் ஐ வந்தது. புது மாடலின் கையேடு அச்சுக்குப் போக மூன்று நாள்தான் இருந்தது. கண்ணைத் திறந்தால் மணல் கொட்டியதுபோல் உறுத்தல். எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி போனிலேயே இருப்பது நினைவுக்கு வர, கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்தபடி அதை ஓடவிட்டார்.

ஒரு பெண் குரல் வாசித்தது. ரசனை இல்லாத குரல். 'மி.மீ.' என்பதைப் பூனை கூப்பிடுவதுபோல் சொன்னது. ஒரு வாக்கியம் தொடங்கியது. அது எங்கே போய் நிற்கும் என்று ரிஃபத்துக்கே தெரியவில்லை. யார் எழுதியது இது என்று எரிச்சல் வந்தது. தான்தான் என்று உறைத்ததும், குரல் சரியில்லை என்று முடிவு செய்தார்.

அதே நேரம் பின்கட்டில் அவர் கணவர் கரீம், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதே கம்பெனி மோட்டார். பல நாள் ஓடாமல் இறுகிப்போயிருந்தது. சுவிட்சைப் போட்டால் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. சுவிட்சை அணைக்காமலே பின்மூடியின் திருகுகளைக் கழற்றிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"மின்னோடி இறுகியிருப்பின், மின் இணைப்பு துண்டிக்கப்படாத நிலையில், பின்புற மூடியை அகற்றி, விசிறியைக் கையால் சுழற்றிப் பார்க்க முயலுதல்..."

கரீம் ஒப்பணக்காரத் தெருவில் பைக் கடை வைத்திருப்பவர். சொன்னால் சொன்னபடி செய்வார். மூடியைத் தூக்கி வைத்தார். விசிறியை நோக்கிக் கையை நீட்டினார்.

"...எக்காரணம் கொண்டும் கூடாது."

கையை இழுத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு நேராக உள்ளே வந்தார்.

"ஏம்மா, கூடாதுங்கறத மொதல்லயே சொல்லிப்போட்டா என்ன?"

"தமிழ்ல வினை கடைசியிலதாங்க வரும்."

"வரட்டும். அதுக்குள்ள என்ற கை போயிருக்குமல்லோ!"

"துண்டிக்கப்படாத நிலையில்னு முன்னாடியே இருக்கே?"

"அது காத்தாட்டப் போயிருச்சு. எனக்குப் புரிஞ்சது மூடி, விசிறி, கை. அவ்வளவுதான்."

ரிஃபத் துணியை எறிந்துவிட்டுச் சிவந்த கண்ணோடு ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார். எல்லாக் கையேட்டிலும் வரும் அந்த வாக்கியம் இத்தனை வருடத்தில் எத்தனை தோட்டங்களுக்குப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். தன் எழுத்தை யாரும் படிக்காததற்காக வாழ்க்கையில் முதன்முறையாக அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

அடுத்த இரண்டு நாளும் குரல் வாசித்தது. ரிஃபத் சொல்லச் சொல்லக் கரீம் போனில் திருத்தினார். கேட்கும்போது கரீமின் பக்கமிருந்து 'ம்' வராத இடமெல்லாம் வெட்டுப்பட்டது. மின்னோடி மறுபடி மோட்டார் ஆனது. "முதலில் சுவிட்சை அணையுங்கள். பியூஸைப் பிடுங்குங்கள். அதற்குப் பிறகு மூடியைத் தொடுங்கள்." முப்பத்திரண்டு பக்கம் ஒன்பதாகச் சுருங்கியது.

அருள்குமார் ஒன்பது பக்கத்தையும் கையில் வைத்து எடை பார்த்தார்.

"ஏனுங்க மேடம், கண்ணு வலியில பாதிய உட்டுப்போட்டீங்களா?"

"இல்லைங்க சார். வேண்டியது எல்லாம் இருக்கு."

"எல்லாமே புரியுதுங்களே! இப்படிப் புரிஞ்சா சாதா மோட்டாருன்னு நெனச்சுக்க மாட்டாங்களா? மத்த கம்பெனி புஸ்தகமெல்லாம் செங்கல்லாட்ட இருக்குதுங்க."

ரிஃபத் நடந்ததைச் சொன்னார். கரீமின் கை வந்த இடத்தில் அருள்குமார் கொஞ்சம் வெளிறினார். கடைசியில் சமரசம் ஆயிற்று. ஒன்பது பக்கமும் அப்படியே போகும். மீதிப் பக்கங்களில் கம்பெனி வரலாறும் அருள்குமாரின் படங்களும் வரும். குரல் வாசித்ததையும் பதிவு செய்து, பெட்டி மேல் க்யூஆர் கோடாக ஒட்டச் சொன்னார் முதலாளி.

தை மாதம் உடுமலைப்பேட்டையிலிருந்து மாசாணியம்மாள் என்ற தென்னந்தோப்புக்காரர் கம்பெனிக்குக் கூப்பிட்டார். இறுகிப்போன மோட்டாரைக் குரல் சொன்னபடி செய்து தானே ஓடவைத்துவிட்டாராம்.

"அந்த அம்மணிகிட்ட ஒரு வார்த்த பேசோணுமுங்க."

போனை ரிஃபத்திடம் கொடுத்தார்கள்.

"அத எழுதினது நான்தாங்கம்மா."

"நீங்க இல்லீங்க. உங்க கொரலு வேறயாட்ட இருக்குது. நிதானமாச் சொல்லுமுங்களே, அந்தப் புள்ள."

"அது மெஷினுங்கம்மா. நான் எழுதினதத்தான் வாசிக்குது."

"எழுதறது ஆரு வேணா எழுதிப்போடலாமுங்க. சொல்றதுக்குப் பக்குவம் வேணுமல்லோ? நம்ம தோப்புத் தேங்கா கொஞ்சம் அனுப்பலாம்னு பாத்தேன். அந்தப் புள்ளைக்கு எந்த ஊருங்க?"

ரிஃபத் ஒரு கணம்தான் யோசித்தார்.

"கோட்டைமேடுங்க" என்று சொல்லித் தன் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார்.

மறுவாரம் ஒரு சாக்குத் தேங்காய் வந்து இறங்கியது. 'பம்ப்செட் அம்மணிக்கு' என்று மேலே எழுதியிருந்தது. கரீம் சாக்கைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கறதா அந்த அம்மா உன்னைய ஒண்ணுஞ் சொல்லலியா?"

"ரெண்ட ஒடச்சுக் குடுங்க" என்றார் ரிஃபத். "மத்தியானம் குருமா வெக்கலாம்."